பிழையில்லாத பெண்கள்

முதுகலை இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்து, அவள் சம்மதத்தோடுதான் இதை இங்கே சேர்க்கிறேன். சங்கப் பாடல்கள் சிலவற்றின் பாட வேறுபாடுகளைத் தொகுக்கச் சொல்லி அசைன்மென்ட் கொடுத்திருந்தேன். மற்றவர்கள் பத்துப் பக்கம் எழுதிவந்தார்கள். அவள் அறுபது பக்கம் எழுதியிருந்தாள். ஓர் ஒற்றுகூடப் பிசகவில்லை. அடித்தல் திருத்தல் ஏதுமில்லை. ஒரு பக்கத்தில் ஓர் எழுத்துத் தவறினால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி எழுதியிருக்கிறாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. "சரி, பாட்டு என்னம்மா சொல்லுது?" என்று கேட்டேன். அவளுக்குப் பதில் வரவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முழு மதிப்பெண் போட்டு, வகுப்பில் எல்லோருக்கும் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டினேன்.

மதிய வேளையில் அவளுடைய சாப்பாட்டு டப்பா துறை முழுக்கச் சுற்றிவரும். எலுமிச்சைச் சாதம், புளியோதரை, கோலா உருண்டை. எல்லாம் அவளே விடியலில் எழுந்து சமைத்தவை. நாங்கள் எல்லோரும் சாப்பிடுவோம். "நீ சாப்பிட்டியாம்மா?" என்றால், "இப்பதாம்மா சாப்பிட்டேன்" என்பாள். யாரும் மறுபடி கேட்டதில்லை. இரண்டாண்டுகள் கழித்து அவளுடைய அக்கா தொலைபேசியில் அழைத்து, தங்கை மருத்துவமனையில் இருப்பதாகச் சொன்னார். "சின்ன வயசுலேர்ந்தே அழுத்தக்காரி மேடம். சாப்பிட மாட்டேன்னா மாட்டேன்தான். பிடிவாதம்" என்றார்.

அந்தச் சொல் என்னைத் தொந்தரவு செய்தது. பிடிவாதம் என்று நாம் சொல்வதை மருத்துவம் என்னவென்று சொல்கிறது என்று தேடத் தொடங்கினேன். நான் மருத்துவர் அல்ல. பிரதிகளை வாசிப்பது என் வேலை. நோயின் பெயரையும், வரையறையையும், வயதுவந்தவர்களுக்கென்று லண்டனில் உருவான ஒரு சிகிச்சையின் பயிற்சிநூலையும் அப்படித்தான் வாசித்தேன். அந்த வாசிப்பு கடைசியில் என் மதிப்பெண் நோட்டிலும், நம் பெண்ணிய விமர்சனத்திலும் வந்து நின்றது.

*பெயரில் இருக்கும் பிழை*

1873இல் பாரிஸில் லசேக் என்ற மருத்துவர், உண்ணாமல் மெலிந்துபோகும் இளம்பெண்களைப் பற்றி எழுதியபோது அதை ஹிஸ்டீரியாவின் ஒரு வகையாகச் சேர்த்தார். அதே ஆண்டு லண்டனில் சர் வில்லியம் கல் என்ற மருத்துவர் இதே நிலையைப் பற்றிப் பேசினார். 1874இல் அச்சான அவருடைய கட்டுரை வழியாக 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற பெயர் நிலைத்தது. கிரேக்க வேரைப் பிரித்தால் அனோரெக்சியா என்பதற்குப் பசியின்மை என்றுதான் பொருள். தமிழிலும் அதை அப்படியே பெயர்த்துப் 'பசியின்மை நோய்' என்று எழுதுகிறோம்.

பெயரே பிழை. இந்த நோயில் பசி இல்லாமல் போவதில்லை. பெரும்பாலும் பசி இருக்கிறது. நாள் முழுவதும், கனவிலும்கூட உணவைப் பற்றிய நினைப்பு இருக்கிறது. இல்லாமல் போவது உண்ண முடிவது. நம் மொழியில் மணிமேகலை பசியைப் பிணி என்றே கண்டது. எவ்வளவு உண்டும் அடங்காத காயசண்டிகையின் பசிக்கு யானைத்தீ என்று பெயரும் தந்தது. பசித்தும் உண்ணாதிருப்பதற்கு நோன்பு, விரதம், வடக்கிருத்தல் என்று பல பெயர்கள் நம்மிடம் உண்டு. அத்தனையும் மனவுறுதியைப் புகழும் பெயர்கள். பசித்தும் உண்ண முடியாமல் போகிற நிலைக்கு மட்டும் நம்மிடம் ஒரு சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் பிடிவாதம் என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மருத்துவத்தின் மொழியும் இந்த இடத்துக்கு வரப் பல காலம் எடுத்துக்கொண்டது. கல், நோயாளிக்கு நேரம் தவறாமல் உணவு கொடுக்க வேண்டும் என்றார்; அவள்மீது ஒழுக்க அதிகாரம் செலுத்தக்கூடியவர்கள் சூழ இருக்க வேண்டும் என்றும், உற்றார் உறவினரே மிக மோசமான பராமரிப்பாளர்கள் என்றும் சொன்னார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் நெடுங்காலம் முதல் நிபந்தனையே உடல் எடையைத் தக்கவைக்க 'மறுத்தல்' என்ற சொல்லோடுதான் தொடங்கியது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அந்தச் சொல் போய், உணவைக் 'குறைத்துக்கொள்ளுதல்' என்று மாறியது. மறுத்தல் என்பது ஒருத்தியின் நோக்கத்தைப் பற்றிய தீர்ப்பு. குறைத்தல் என்பது நடப்பதைப் பற்றிய விவரிப்பு. மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே பதிப்பில்தான் நீக்கப்பட்டது. மாதவிலக்கு நிற்காத பெண்ணும் இந்த நோய்க்கு ஆளாக முடியும் என்று ஒரு கையேடு ஒப்புக்கொள்ள 2013 வரை ஆகியிருக்கிறது.

*'சிந்தனைப் பாணி' என்ற புதிய சொல்*

லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையும் கிங்ஸ் கல்லூரியும் இந்த நோய்க்கான ஆய்வில் முக்கியமான இடங்கள். அங்கே 1987இல் வெளியான ஓர் ஆய்வு, சிறு வயதில் நோய் தொடங்கி அதிக காலம் ஆகாதவர்களுக்குக் குடும்பத்தோடு சேர்த்துத் தரும் சிகிச்சை பயனளிக்கிறது என்று காட்டியது. வயதுவந்தவர்களிடமும் பல ஆண்டுகளாக நோயோடு இருப்பவர்களிடமும் அதே பயன் கிடைக்கவில்லை. பெற்றோர் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரும் முறை, முப்பது வயதுப் பெண்ணிடம் செல்லுபடியாகாது. அவளிடம் வேறு விதமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

2006இல் உல்ரிக் ஷ்மிட், ஜேனட் டிரெஷர் என்ற இரண்டு பெண் மனநல மருத்துவர்கள் அந்த வேறு விதத்துக்கு ஒரு வரைபடம் தந்தார்கள். நோய் எதனால் வந்தது என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, அது ஏன் போகாமல் நீடிக்கிறது என்று கேட்டார்கள். நான்கு இழைகளைச் சொன்னார்கள். நுணுக்கங்களில் ஊன்றி நிற்கிற, பிழைக்கு அஞ்சுகிற, ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்கு எளிதில் மாறாத சிந்தனைப் பாணி ஒன்று. உணர்ச்சிகளைத் தவிர்ப்பதும் உறவுகளில் ஏற்படும் சிக்கலும் இரண்டு. நோயே தனக்கு நன்மை செய்கிறது என்ற நம்பிக்கை மூன்று. சுற்றியிருப்பவர்கள் தம்மை அறியாமல் நோய்க்கு வளைந்துகொடுப்பதும் அதனோடு மோதுவதும் நான்கு. இதிலிருந்து வளர்ந்த சிகிச்சைக்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'மான்ட்ரா' என்று பெயர். பெயர்தான் மந்திரம்போல் ஒலிக்கிறதே தவிர, ஓதிக் குணமாக்கும் வேலை எதுவும் அதில் இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயதுவந்தவர்களுக்குப் பரிந்துரைக்கும் மூன்று உளவியல் சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. பொதுவாக இருபது அமர்வுகள். முதல் பத்து வாரத்துக்கு ஒன்றாக. பிறகு அவளுடைய தேவைக்கேற்ப.

சிந்தனைப் பாணி என்பதை எப்படிக் கண்டார்கள்? ரே என்பவர் 1941இல் உருவாக்கிய சிக்கலான கோட்டோவியம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து வரையச் சொல்கிறார்கள். பலர் முதலில் பெரிய செவ்வகத்தைப் போட்டுவிட்டு உள்ளே நிரப்புகிறார்கள். அனோரெக்சியா உள்ள பெண்களில் பலர் ஒரு மூலையிலிருக்கும் சிறு வட்டத்திலோ குறுக்குக் கோட்டிலோ தொடங்குகிறார்கள். ஒவ்வொரு நுணுக்கமும் அச்சாக வருகிறது. முழு உருவம் எங்கோ சரிகிறது. சீட்டுகளைப் பிரிக்கும் இன்னொரு சோதனையில் விதி சொல்லாமலேயே மாறும். விதி மாறிய பிறகும் அவர்கள் பழைய விதியையே சற்று அதிக நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நோயிலிருந்து மீண்ட சிலரிடமும், நோய் வராத அவர்களுடைய சகோதரிகளிடமும்கூட இந்தப் போக்கு ஓரளவு காணப்பட்டது. ஆகவே இது பட்டினியின் விளைவு மட்டுமாக இருக்க முடியாது. சிலருக்கு இயல்பிலேயே இருக்கும் ஒரு சாய்வு என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

பெண்ணிய நோக்கில் இந்தச் சொல்லை நான் முதலில் வரவேற்கவே செய்கிறேன். இதற்கு முன்பு இருந்த விளக்கங்களைப் பாருங்கள். ஒன்று, அழகு மோகம்: விளம்பரத்தில் வரும் ஒல்லி மாடலைப் பார்த்துக் கெட்டுப்போனவள். இன்னொன்று, தாய்: மகளைத் தனி உயிராக வளரவிடாத அம்மா. இரண்டும் யாரோ ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவை. அழகு மோகக் கதை உலகம் முழுக்கப் பொருந்தவும் இல்லை. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 1993இல் 70 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் பருமனாகிவிடுவோம் என்ற பயமே காணப்படவில்லை. வயிறு உப்புகிறது, உணவு இறங்கவில்லை என்றுதான் சொன்னார்கள். 1995இல் இந்தியாவிலிருந்து வெளிவந்த ஒரு கட்டுரையும் இதைப் போன்ற ஐந்து பெண்களைப் பற்றிப் பேசியது. என் மாணவியும் ஒருபோதும் தன்னைக் குண்டு என்று சொன்னதில்லை. 'எனக்கு ஒத்துக்கல' என்பதுதான் அவள் சொல்வது. குண்டாகிவிடுவேன் என்று சொல்லாததாலேயே நோய் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேரோ.

சிந்தனைப் பாணி என்ற சொல் அவளை அலங்காரப் பொம்மையாகப் பார்ப்பதில்லை. சிந்திப்பவளாகப் பார்க்கிறது. பிடிவாதம் என்பதை ஒழுக்கக் குறையிலிருந்து எடுத்து, மாற்றிப் பழகக்கூடிய ஒரு போக்காக வைக்கிறது. இது சிறிய விஷயமில்லை.

*முப்பத்தாறு ஆண்கள்*

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. மாறாத விதி, நுணுக்கப் பிடிப்பு, சடங்கு போன்ற சாப்பாட்டு முறை ஆகியவை எல்லாம் பெண்ணின் மூளையில் எழுதப்பட்டவையா? இதற்குப் பதில் தேடும்போது எந்தப் பெண்ணும் இல்லாத ஓர் ஆய்வுதான் உதவியது.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியலாளர் 36 இளைஞர்களைக் கூட்டினார். மனச்சாட்சியின் பேரில் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். உடலும் மனமும் நலமாக இருந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். போரால் பட்டினி கிடக்கும் ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று அறிய, 24 வாரங்கள் அரைப்பட்டினி இருக்க முன்வந்தார்கள். 1950இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்த அந்த ஆய்வு, உடல் மெலிந்ததை மட்டும் பதிவு செய்யவில்லை. ஆண்கள் தட்டிலிருந்த கொஞ்ச உணவை மணிக்கணக்கில் நீட்டிச் சாப்பிட்டார்கள். உணவை விசித்திரமாகக் கலந்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்து இரவில் படித்தார்கள். நண்பர்களிடமிருந்து விலகினார்கள், நகைச்சுவை போயிற்று, சிறு மாற்றமும் எரிச்சலூட்டியது. அவர்களில் யாரும் ஒல்லியாக ஆசைப்பட்டவர்கள் அல்லர். பசி அவர்களுடைய சிந்தனையைத் தட்டின் அளவுக்குச் சுருக்கியிருந்தது.

எனவே சிந்தனைப் பாணி நோய்க்கு முன்பும் இருக்கிறது, பட்டினி அதை இறுக்கவும் செய்கிறது. இறுகிய சிந்தனை மேலும் பட்டினிக்குத் தள்ளுகிறது. சிகிச்சையில் உணவையும் உடல் நிலையையும் ஓரமாக வைத்துவிட்டுச் சிந்தனையை மட்டும் பேசி மாற்ற முடியாது என்று மாட்ஸ்லிக்காரர்கள் சொல்வதும் இதனால்தான். பட்டினியில் இருக்கும் மூளையோடு வாதம் செய்து ஜெயிக்க நினைப்பது வீண்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஆண்கள் சமையல் புத்தகம் சேகரித்தபோது ஆய்வாளர்கள் அதை அறிகுறியாகக் குறித்துவைத்தார்கள். என் மாணவி விடியலில் எழுந்து, தான் உண்ணாமல், பத்துப் பேருக்குச் சமைத்துக் கொண்டுவந்தபோது நாங்கள் அதை அறிகுறியாகப் பார்க்கவில்லை. 'கைப்பக்குவம்' என்று பாராட்டினோம். 'போற வீடு கொடுத்து வைத்தது' என்றார் சக ஆசிரியர் ஒருவர். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சத்தை உண்பதும், மிச்சமில்லாவிட்டால் உண்ணாதிருப்பதும் பெண்ணின் இயல்பு என்று வைத்திருக்கும் சமூகத்தில், இந்த நோய் ஒளிந்துகொள்ள இடம் தேட வேண்டியதில்லை. அடுப்படியிலேயே நின்றுகொள்ளலாம்.

*நெஞ்சொடு கிளத்தல்*

மான்ட்ராவின் பயிற்சிநூலை ஓர் இலக்கிய வாசகியாகப் படித்தபோது எனக்கு வியப்பு. அந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி எழுத்தில் நடக்கிறது. நோயாளி தன் நோய்க்கு இரண்டு கடிதங்கள் எழுதுகிறாள். ஒன்று, 'என் தோழி அனோரெக்சியாவுக்கு.' இன்னொன்று, 'என் எதிரி அனோரெக்சியாவுக்கு.' 1999இலேயே மாட்ஸ்லி ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட கடிதங்களைத் தொகுத்து ஆராய்ந்து வெளியிட்டிருந்தார்கள். தோழிக்கு எழுதியவற்றில் அதிகம் தென்பட்டது, நீ என்னைக் காக்கிறாய் என்ற உணர்வு. அழகைவிடக் காவல் முன்னே நிற்கிறது.

நோயைத் தோழி என்று அழைக்க ஒரு மருத்துவம் அனுமதிக்கிறது என்பதே எனக்குப் புதிது. நம் மரபில் தலைவி தன் நெஞ்சைத் தன்னிலிருந்து பிரித்து எதிரே நிறுத்திப் பேசுவாள். திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. எதிரே நிறுத்தினால்தான் கேள்வி கேட்க முடியும், ஏசவும் முடியும், பிரியவும் முடியும். இந்தக் கடிதங்கள் செய்வதும் அதைத்தான். 'நான் இப்படித்தான்' என்பது 'நீ என்னை இப்படி வைத்திருக்கிறாய்' என்று மாறுகிறது. சில அமர்வுகளுக்குப் பிறகு சிகிச்சையாளரும், தான் புரிந்துகொண்டதை அவளுக்கு ஒரு கடிதமாக எழுதுகிறார். இருவரும் சேர்ந்து ஒரு பூ வரைகிறார்கள். ஒவ்வொரு இதழும் நோயைத் தக்கவைக்கும் ஒரு காரணம். ஒவ்வொரு இதழும் நடுவிலிருந்து கிளம்பி நடுவுக்கே திரும்புகிறது. முடிவில் விடைபெறும் கடிதங்களும் உண்டு. கல் சொன்ன ஒழுக்க அதிகாரத்திலிருந்து இந்தக் கடிதப் போக்குவரத்துக்கு வர ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

சிந்தனைப் பாணிக்கென்றே தனிப் பயிற்சிகளும் உண்டு. கேட் சான்சூரியா என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் உருவாக்கியவை. நீண்ட கடிதத்தைப் படித்து அதற்கு ஒரு வரியில் தலைப்புக் கொடுப்பது, ஒரே படத்தில் இரண்டு உருவங்களை மாறிமாறிப் பார்ப்பது, ஒரு சிக்கலான உருவத்தை எதிரே இருப்பவர் வரையும்படி வாயால் விவரிப்பது, வழக்கமாகப் போகும் பாதையை ஒரு நாள் மாற்றுவது. உணவைப் பற்றியோ எடையைப் பற்றியோ அதில் பேச்சே இருக்காது. அதனாலேயே அந்த அறையில் அவளால் மூச்சுவிட முடிகிறது. இது மட்டுமே உடலை மீட்டுவிடும் என்று அதை உருவாக்கியவர்களும் சொல்வதில்லை; முதன்மைச் சிகிச்சைக்கு இது ஒரு துணை.

'பாட்டு என்னம்மா சொல்லுது?' என்று நான் ஒருநாள் கேட்டதும் இதே வகைக் கேள்விதான். வித்தியாசம் ஒன்றுண்டு. அவர்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். நான் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன்.

*யாருக்குத் தேவைப்படுகிறது இந்தப் பாணி?*

என் விமர்சனம் இங்கே தொடங்குகிறது. 2006ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே, இந்த நோய் மதிக்கப்படுவது, கண்ணுக்குத் தெரிவது என்று ஷ்மிட்டும் டிரெஷரும் குறிப்பிட்டார்கள். நோயாளி தன் நோயை மதிக்கிறாள் என்பது அவர்கள் கூறுவது. அவளுக்கு முன்பே, நோய் வருவதற்கும் முன்பே, அந்தப் பாணியை மதித்தவர்கள் யார் என்ற கேள்வி மருத்துவமனை வாசலில் நின்றுவிடுகிறது.

நுணுக்கத்தில் கவனம், பிழைக்கு அஞ்சுதல், விதியை மீறாமை, உணர்ச்சியைக் காட்டாமை, பிறர் விருப்பத்துக்கு முதலிடம். இதை மருத்துவரிடம் காட்டினால் நோயைத் தக்கவைக்கும் காரணிகளின் பட்டியல். பெண் பார்க்க வருபவர்களிடம் காட்டினால் நல்ல பெண்ணின் இலக்கணம். பள்ளியில் காட்டினால் முதல் ரேங்க். ஒரே பட்டியல்தான். சாணம் தெளித்த வாசலில் புள்ளி தவறாமல் கோலம் போடச் சொல்லிக்கொடுத்து, தவறினால் அழித்துவிட்டு முதலிலிருந்து போடச் சொன்ன கைகளைப் பற்றி மூளை ஆய்வு எதுவும் சொல்லாது. கோலம் போட்ட பெண்களுக்கெல்லாம் நோய் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். நோய்க்கு மரபணுவும் பட்டினியும் இன்னும் பலவும் காரணம். ஆனால் ஒருத்தியிடம் இயல்பாக இருக்கும் சாய்வு எப்போது பரிசு பெறுகிறது, எப்போது நோயாகப் பெயர் பெறுகிறது என்பதை முடிவு செய்வது அவள் மூளை அல்ல.

நுணுக்கங்களில் ஊன்றி முழுமையைத் தவறவிடும் போக்கு என்ற கருத்து ஆட்டிசம் பற்றிய ஆய்விலிருந்து வந்தது. அனோரெக்சியா உள்ள பெண்களில் கணிசமானவர்களிடம் ஆட்டிசக் கூறுகள் இருப்பது இப்போது தெரிந்திருக்கிறது. அவர்களில் பலருக்கு உண்ணாமை வந்து மருத்துவமனையில் சேரும்வரை யாரும் அதைக் கண்டறியவில்லை. ஆட்டிசத்தின் சித்திரம் பெரும்பாலும் சிறுவர்களைப் பார்த்து வரையப்பட்டது. அமைதியான, சொன்னதைச் செய்கிற, ஒரே மாதிரியாக உண்கிற சிறுமி, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கி அந்தச் சித்திரத்துக்கு வெளியே நின்றுவிட்டாள். மாட்ஸ்லியில் இப்போது இவர்களுக்கென்று விளக்கின் வெளிச்சத்தையும் அறையின் சத்தத்தையும் உணவின் தன்மையையும் மாற்றியமைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. அவளை மட்டுமே மாற்றுவதை விட்டு, அவளைச் சுற்றியிருப்பதை மாற்றுவது. இதை நான் முக்கியமான திருப்பமாகப் பார்க்கிறேன்.

சுற்றியிருப்பவர்கள் என்ற நான்காவது இழையிலும் ஒரு கேள்வி இருக்கிறது. பராமரிப்பவர்களுக்காக டிரெஷரும் அவருடைய சக ஆசிரியர்களும் எழுதிய நூலில் விலங்கு உருவகங்கள் வருகின்றன. பைக்குள் வைத்துக் காக்கும் கங்காரு, முட்டி மோதும் காண்டாமிருகம், மணலில் தலை புதைக்கும் நெருப்புக்கோழி. இவற்றை விட்டுவிட்டு, பக்கத்தில் நீந்தி மெல்லத் தள்ளிக்கொடுக்கும் டால்பினாக இருங்கள் என்பது அறிவுரை. அழகான, பயனுள்ள உருவகம். ஆனால் டால்பினாக இருக்கும் வேலை வீட்டில் யாருக்கு வந்துசேரும்? வேலைக்குப் போய்வந்து, மற்றவர்களுக்குச் சமைத்து, மகளின் தட்டுக்கு எதிரே முகம் சுளிக்காமல் உட்கார வேண்டியவள் பெரும்பாலும் அம்மாதான். தாயைக் குற்றவாளியாக்குவதை மருத்துவம் கைவிட்டது நல்லது. அவளைச் சம்பளமில்லாத செவிலியாக்கி அந்த இடத்தை நிரப்பக் கூடாது.

*நம்முடைய பிழை*

மருத்துவத்தை மட்டும் கேள்வி கேட்டுவிட்டு நான் எழுந்துவிட முடியாது. பெண்ணிய விமர்சகர்களாகிய நாம் இந்த நோயை எப்படி வாசித்திருக்கிறோம்? சூசி ஆர்பாக் 1986இல் தன் நூலுக்கு உண்ணாநிலைப் போராட்டம் என்றே தலைப்பு வைத்தார். சூசன் போர்டோ 1993இல் இந்த உடல்களில் ஒரு பண்பாட்டின் முரண்கள் எழுதப்பட்டிருப்பதாக வாசித்தார். நான் மாணவியாக இருந்தபோது அப்படிப்பட்ட வாசிப்புகள் எனக்குக் கண் திறந்துவிட்டவை. அவற்றுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவர்கள் இருவரும் நோயைக் கொண்டாடியவர்கள் அல்லர். ஆர்பாக் இந்தப் பெண்களுக்குச் சிகிச்சையளித்தவர். ஆனால் அவர்களை வாசித்த நாம் ஒரு படி தாண்டிப் போனோம். மெலிந்த உடல் எதிர்ப்பு, உண்ணாமை ஒரு மொழி, மௌனம் ஒரு கலகம் என்று கருத்தரங்குகளில் பேசினோம். தசை வற்றிய பேயுரு வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரையும், 33 வயதில் உண்ணாமல் இறந்த சியன்னாவின் கேத்தரினையும் ஒரே வரியில் நிறுத்தினோம். இடைக்காலக் கிறித்தவப் பெண்களின் நோன்பை அவர்கள் காலத்துச் சமயப் பொருளில் வைத்துத்தான் படிக்க வேண்டும் என்று கரோலின் வாக்கர் பைனம் 1987இலேயே விரிவாக எழுதியிருந்தும், நமக்கு அந்த உருவகம் அவ்வளவு பிடித்திருந்தது. நானும் அம்மையாரை வைத்து அப்படி ஒரு கவிதை எழுதியிருக்கிறேன்.

உண்ணாநிலைப் போராட்டத்தில் கோரிக்கை இருக்கும். அதைக் கேட்க வேண்டிய அதிகாரி இருப்பார். கோரிக்கை ஏற்கப்பட்டால் பழரசம் கொடுத்து முடித்துவைக்கலாம். இங்கே அவள் கோரிக்கையை யாருக்கும் சொல்லவில்லை. முடித்துவைக்கும் வழியும் அவள் கையில் இல்லை. உளநோய்களில் இறப்பு மிக அதிகமாக நிகழும் நோய்களில் இதுவும் ஒன்று. தற்கொலையும் அந்த இறப்புகளில் அடக்கம். நாம் எதிர்ப்பு என்று வாசித்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய இதயத் துடிப்பு குறைந்துகொண்டிருக்கிறது. மருத்துவம் சிந்தனைப் பாணி என்று அவளுக்குள் பூட்டியதை, நாம் உருவகம் என்று அவளிடமிருந்து பறித்தோம். இரண்டிலும் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

*சாதாரணக் கவனம்*

ஆய்வு முடிவுகள் நம் எல்லோரையும் சற்று அடக்கமாக்குபவை. நியூசிலாந்தில் 56 பெண்களை வைத்து நடந்து 2005இல் வெளியான ஆய்வில், இரண்டு சிறப்பு உளச்சிகிச்சைகளோடு ஒப்பிட ஒரு சாதாரண ஏற்பாடும் வைத்திருந்தார்கள். அனுபவமுள்ள ஒருவர் வாரந்தோறும் உட்கார்ந்து, உணவைப் பற்றித் தகவல் தந்து, அவள் பேச விரும்புவதைக் கேட்பது. சிகிச்சை முடிந்த நேரத்தில் அந்தச் சாதாரண ஏற்பாடுதான் முன்னே நின்றது. பின்னாளில் வேறுபாடுகள் மறைந்துவிட்டன. அது இன்று தனிப் பெயரோடு நைஸ் பரிந்துரைக்கும் மூன்றில் ஒன்றாகிவிட்டது. 2015இல் லண்டன் குழு 142 பேரிடம் மான்ட்ராவை அதனோடு ஒப்பிட்டது. குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மான்ட்ரா தமக்கு ஏற்றதாக இருந்தது என்று நோயாளிகள் கூடுதலாக மதிப்பிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 120 பேரிடம் மூன்றையும் ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்விலும் எதுவும் மற்றவற்றை வெல்லவில்லை. எல்லாச் சிகிச்சையிலும் பலர் தேறுகிறார்கள். எல்லாவற்றிலும் தேறாதவர்களும் இருக்கிறார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, வயதுவந்த பெண்ணை வயதுவந்தவளாக நடத்துகிற, ஏமாற்றாத, நீடித்த கவனமே இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது என்பதுதான். அந்த இருபது அமர்வுகளில் அவளுக்குக் கிடைப்பது வெளியே அரிது. நம் வீடுகளில் கல்யாணம்வரை மகள், பிறகு மருமகள்; இடையில் வயதுவந்த பெண் என்று ஒருத்தி இருப்பதே இல்லை. என் மாணவிக்கும் 'கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்' என்ற யோசனைதான் முதலில் கிடைத்தது. நல்லவேளையாக அவளுடைய அக்கா அதைக் கேட்கவில்லை. மனநல மருத்துவரும் உணவியலாளரும் பொது மருத்துவரும் சேர்ந்து பார்க்கும் இடம் கிடைக்க அவர்கள் அலைந்தது ஓராண்டு.

சென்ற ஆண்டு அவள் என்னைப் பார்க்க வந்தாள். முழுதாகத் தேறிவிட்டாள் என்று எழுத எனக்கு உரிமையில்லை. அவளும் அப்படிச் சொல்லவில்லை. கேன்டீனில் உட்கார்ந்தோம். அவள் ஒரு தோசை சொன்னாள். பாதி சாப்பிட்டாள். நான் தட்டைப் பார்க்காமல் பேச முயன்றேன்.

"அம்மா, நீங்க எனக்கு முழு மார்க் போட்டீங்கல்ல, அந்தப் பாட வேறுபாடு அசைன்மென்ட்டுக்கு?"

"ஆமா."

"அன்னிக்கு நைட்டு முழுக்க அழுதேம்மா."

"ஏம்மா?"

"அடுத்ததுலயும் அதே மாதிரி எடுக்கணுமேன்னு."

நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வேணாம்மா" என்றாள். பிறகு, அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று இப்போது தனக்குத் தெரியும் என்றாள். சொன்னாள். தலைவி எதற்காகக் காத்திருக்கிறாள் என்பதில் அவளுக்கும் எனக்கும் கருத்து வேறுபட்டது. அரை மணி நேரம் சண்டை போட்டோம்.

இப்போது நான் அசைன்மென்ட்டுக்குப் பக்க வரம்பு வைக்கிறேன். அடித்து எழுதிய நோட்டுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பாடல் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன். மதிய வேளையில் யாருடைய டப்பாவாவது துறை முழுக்கச் சுற்றிவந்தால், அதைக் கொண்டுவந்தவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். ஆசிரியராக என் கைக்கு எட்டுவது இவ்வளவுதான். மற்றது மருத்துவத்தின் வேலை. மருத்துவம் ஒரு பெண்ணிடம் பிழை செய்யக் கற்றுக்கொள் என்று சொல்லும்போது, அவள் திரும்பி வரும் வீடும் வகுப்பறையும் அந்தப் பிழையைத் தாங்கிக்கொள்ளும் இடங்களாக இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு நம்முடையது.